பீஸில் சுற்றிய ஜரிகை

பட்டு கருகினால் முடி கருகுகிற வாசனை வரும். ஆரணியில் தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓடுகிற பிக்கப் வண்டிக்குள் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவள் குணசுந்தரி ஒருத்திதான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. நாத்தனார் பூங்காவனத்தின் மகனுக்குப் படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டை. வண்டியின் பின்னால் இருபத்திரண்டு பேர், பொங்கல் பானைகள், அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, சிலிண்டர், கால் கட்டிய இரண்டு கோழி. முன்னால் ஓட்டுகிற கணவன் பன்னீர்செல்வம், நடுவில் மகள் சத்யப்ரியா, ஜன்னலோரம் குணசுந்தரி. அவள் கோயிலுக்குப் போகவில்லை. தறியில் கிடக்கிற சேலையை நாளை அறுத்துக் கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் இறங்கி முந்திக்கான ஜரிகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு.

"இன்னாங்க, எதோ கருகுது."

"பின்னால எவளாச்சும் ஊதுவத்தி கொளுத்திகினு இருப்பா."

"ஊதுவத்தி இல்லீங்க. பட்டு மாதிரி கீது."

"ஒனக்கு சாம்பார் அடி புடிச்சாலும் பட்டுதான்" என்று சிரித்தான் பன்னீர்செல்வம்.

சத்யப்ரியா எட்டிச் சாவியைத் தொட்டவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். "யப்பா, சாவி சுடுதுப்பா."

அவன் சிரிப்பு நின்றது. போன மாதம்தான் சாவி சுவிட்ச் இளகிப்போய்ப் புதிதாக மாற்றியிருந்தான். அன்பரசுவின் எலக்ட்ரிக் கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டி, ஆரனை இரண்டு முறை அமுக்கினான்.

அன்பரசு முப்பது வயதுக்காரன். வாயில் பல்குச்சியோடு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். பக்கத்துக் கட்டடம் பட்டு முதலாளியின் ஜரிகைக் கடை. அங்கே தராசு பிடிக்கிற ஹேமநாத், டீ கிளாசோடு வந்து வேடிக்கை பார்க்க நின்றார்.

"ணா, இது சுவிட்சு தப்பில்ல" என்றான் அன்பரசு உள்ளேயிருந்து. "சுவிட்சுக்கு வர்ற மெயின் ஒயரு இளகிக் கீது. தொட்டுப் பாரு, அல்வா கணக்கா கீது. இதுலேந்து இன்னான்னா எடுத்துக்கிற?"

"இன்னா எடுத்தேன்? லைட்டு, ஆரன்."

"எத்தினி லைட்டு?"

"முன்னால நாலு. மேல ரெண்டு."

"பாட்டு?"

"பாட்டு இல்லாம ராவுல எப்டிப்பா ஓட்டுறது?"

"கல்யாண மண்டபத்தையே இந்த ஒத்த ஒயர்ல தொங்கவுட்டுக்கிறியே" என்றான் அன்பரசு. பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹேமநாத்தும் சிரித்தார். குணசுந்தரி இறங்கி நின்று மகளின் ஜடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்பரசு ஒவ்வொரு ஒயராகப் புறங்கையால் தடவிக்கொண்டு போனான். டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தான். பீஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. பல்குச்சியைத் துப்பினான்.

"ஒண்ணுதான் புரியல. இவ்ளோ லோடு இழுத்தா மொதல்ல பீஸு போவணும். பீஸு போவாம ஒயரு எப்டி இளகும்? ணா, எங்கனா தனியா பீஸு எதனா ஓட்டி வச்சிக்கிறியா?"

"எனுக்கு இன்னா தெரியும்? பழைய ஓனரு எப்டிக் குடுத்தானோ அப்டியே கீது."

"அண்ணி, நீங்க எதனா பாத்தீங்களா?"

கேள்வி அவளிடம் வந்து நின்றது. ஹேமநாத் டீயை உறிஞ்சிக்கொண்டே அவளைப் பார்த்தார். உண்மையில் அவர் தெருவைத்தான் பார்த்திருக்க வேண்டும். தன்னைப் பார்ப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது.

"எனுக்குத் தெரியாது தம்பி" என்றாள்.

தெரியும். சித்திரைக் கடைசியில் தெள்ளாரிலிருந்து ஒரு வளைகாப்பு முடிந்து இருவரும் திரும்பும்போது, மட்டமத்தியானத்தில் ஆளில்லாத இடத்தில் வண்டி அணைந்துபோனது. பன்னீர் மெக்கானிக்கைத் தேடி நடந்தான். வெயில் தாங்காமல், குடை கிடைக்குமா என்று சீட்டைத் தூக்கினாள். பாட்டரிக்குப் பக்கத்தில், டேப் சுற்றிய ஒரு கூட்டுக்குள் விரல் நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பி அறுந்து கறுத்திருந்தது. வீட்டில் தறிக்கு மேலே தொங்குகிற லைட்டின் பீஸ் போனால் கட்டுகிறவள் அவள்தான். கையில் எது அகப்படுகிறதோ அதைச் சுற்றுவாள். தறிக்காரர் வீட்டில் அகப்படுவது ஜரிகை. பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றியதுதானே, கரண்ட் ஓடும். பையில், ஊடை சுற்றுகிற தார்க்குச்சியில் மீந்த ஜரிகை கொஞ்சம் இருந்தது. முதலாளியுடையது, அடுத்த எடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருந்தது. இரண்டு முழத்தை எட்டு மடிப்பாக முறுக்கிக் கண்ணாடியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சுற்றினாள். சாவியைத் திருப்பினாள். வண்டி உயிர்பிடித்தது.

பன்னீர் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "சூடு ஆறிட்ச்சி போல" என்றான். அவளும் "ஆமா" என்றாள். அப்போது அதில் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. சொல்ல நினைப்பதற்குள் அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான், அவ்வளவுதான்.

மறைக்க வேண்டியதாக ஆனது பத்து நாள் கழித்து. கொடுத்த ஜரிகைக்கும் சேலையில் ஏறிய ஜரிகைக்கும் எடை ஒத்துப்போகவில்லை என்று ஹேமநாத் வீட்டு வாசலில் வந்து கேட்டார். தெரு வேடிக்கை பார்த்தது. பன்னீர்செல்வம் உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தான். உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தி, "என் ஊட்டுலேந்து ஒரு இழை வெளில போயிருந்தா எம்பொண்ணு தல மேல உடியட்டும்" என்று சொல்லிக் கையை மூடி அணைத்தான். ஹேமநாத் தலை குனிந்து போய்விட்டார். குணசுந்தரி கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அந்த நாளிலிருந்து அவளுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டது. சத்யப்ரியா இருமினால் அது எழுந்து நிற்கும். சைக்கிளிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்கும். சீட்டைத் தூக்கி அந்த ஜரிகையை அவிழ்த்துவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். வண்டி வாசலில் நிற்கிற நேரத்தில் அவனும் வாசலில் நிற்பான்.

"சீட்டத் தூக்கு ணா. பாட்டரிகிட்ட பாத்துடுறேன்" என்றான் அன்பரசு.

சீட்டின்மேல் தாம்பூலத் தட்டு, பூக்கூடை. பூங்காவனம் மொட்டைக்காரப் பையனோடு முன்னால் ஏறிவிட்டிருந்தாள். "ணா, பத்தரைக்குள்ள மொட்ட அடிக்கணும். அப்பால ராகு காலம்" என்றாள்.

"ஜல்தியா உடுப்பா. வந்து பாத்துக்கலாம்" என்றான் பன்னீர்.

அன்பரசு அரைமனதோடு இளகின ஒயரில் ஒரு துண்டை வெட்டி மாற்றினான். மேல் லைட்டையும் பாட்டையும் பிரித்துவிட்டான். "திரும்பி வந்த ஒடனே நேரா இங்கதான் வர்ற. பேஜாரு பண்ணாத" என்றான்.

வண்டி நகர்ந்தது. சத்யப்ரியா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். நடுச் சீட்டில் அவள். அவளுக்கு நேர் கீழே பாட்டரி.

'லோடு கொறச்சிட்டான். ஒண்ணும் ஆவாது' என்று குணசுந்தரி தனக்குள் சொன்னாள். ஹேமநாத் தராசில் வைத்துக் கொடுத்த ஜரிகையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அதையே சொன்னாள். கதவைத் திறந்து, தறிக்குழிக்குள் கால் விட்டு, ஊடை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தாள். முதல் ஓட்டிலேயே பாவு இழை ஒன்று அறுந்தது. முடிச்சுப் போட்டாள். முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள். பக்கத்து வீட்டுத் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில், தான் எதையோ எரித்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் வந்தது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், அது எரிகிறது. எழுந்தால் அணையும். எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் அணையும்.

போன் செய்தாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். ஓய்ந்தது. ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான் என்று தெரியும். தெரிந்தும் எழுந்துவிட்டாள். செருப்புப் போட்டாளா என்று நினைவில்லை. கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது கால் சுட்டது.

அன்பரசு கடையில் ஹேமநாத்தும் உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று ஒரு நிமிடம் வாசலில் நின்றாள். ஒரு நிமிடத்தில் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று தோன்றியதும் உள்ளே நுழைந்தாள்.

"தம்பி, பீஸுல ஜரிகை சுத்துனா இன்னா ஆவும்?"

"ஊட்லயா அண்ணி? ஒரு இழை சுத்துனா ஒண்ணும் ஆவாது. மொத்தமா சுத்திடாதீங்க."

"மொத்தமா சுத்துனா?"

"பீஸு போறதுக்குத்தான் பீஸே. அது போவலன்னா ஒயரு எரியும். யேன், ஊட்ல…"

அவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"வண்டிலயா?"

"சீட்டுக்குக் கீழ. எட்டு மடிப்பு. நான்தான் சுத்துனேன்."

"காலீல கேட்டனே அண்ணி!"

அவள் ஹேமநாத்தைப் பார்த்தாள். அவரும் புரிந்துகொண்டார் என்பது தெரிந்தது. எடைக்குறை, கற்பூரம், மூடிய கை, எல்லாம் அவர் கண்ணில் ஒரு சுற்று வந்து போயின. அவள் இத்தனை நாள் பயந்த நொடி இதுதான். வந்ததும் அது ஒன்றுமில்லாததாக இருந்தது. வேறொன்று அதை விழுங்கிவிட்டிருந்தது.

"ரெண்டு மொழ ஜரிகைக்காம்மா வாய மூடிகினு இருந்த?" என்றார் ஹேமநாத். "அன்பு, எத்தினி ஜனம்பா அதுல? சிலிண்டரு வேற கீதே. போன் போடுப்பா!"

மூன்றாவது முறை அடித்ததில் எடுத்தது சத்யப்ரியா.

"அம்மா, நாங்க சந்தவாசல்கிட்ட வந்துகினு கீறோம்."

"கண்ணு, வண்டி எப்டி கீது?"

"நல்லாதான் கீது. கால்கிட்டதான் சுடுது. கொலுசு சுடுதுன்னு கால மேல தூக்கி வச்சிகினேன்."

"அப்பாகிட்ட குடு. ஜல்தி."

"அப்பா ஸ்பீக்கர்ல போட சொல்றாரு."

பன்னீரின் குரல் எரிச்சலோடு வந்தது. "இன்னா சுந்தரி? ஓட்டிகினு கீறேன் இல்ல?"

"வண்டிய நிறுத்துங்க. எல்லாரையும் எறக்குங்க."

"இன்னாத்துக்கு? தோ, இன்னும் ஏழெட்டு கிலோமீட்டரு."

"சீட்டுக்குக் கீழ ஒரு பீஸு கீது. தெள்ளார்லேந்து வந்தப்ப அது போய்ட்ச்சி. நான் ஜரிகை சுத்தினேன். அன்புக்கிட்ட கேளுங்க, எரிஞ்சிடுமாம். நிறுத்துங்க."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் கேட்டான், மிக மெதுவாக. "நான் கற்பூரம் அணைச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. மொதல்ல நிறுத்துங்க!"

பிரேக் கிறீச்சிட்டது. பாத்திரங்கள் உருளுகிற சத்தம். பூங்காவனம் ஏதோ கத்தினாள். "அம்மா, பொக—" என்றது குழந்தையின் குரல். போன் அறுந்தது.

அதற்குப் பிறகு யாருடைய போனும் போகவில்லை. மலையடிவாரத்தில் டவர் இருக்காது என்று அன்பரசு சொன்னான். அதையே நாலு முறை சொன்னான். ஹேமநாத் தன் ஸ்கூட்டர் சாவியை அவன் கையில் திணித்தார். "இது நல்லா இழுக்கும், போ." அன்பரசு ஒயர்ச் சுருளையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டான். குணசுந்தரி பின்னால் ஏறினாள்.

முக்கால் மணி நேரம். வழியில் வயல், செங்கல் சூளை, கூழ் ஊற்றுகிற பந்தல், மஞ்சள் புடவைக் கூட்டம். எல்லாம் கண்ணில் பட்டன, எதுவும் உள்ளே போகவில்லை. எதிரே சைரனோடு ஒரு ஆம்புலன்ஸ் வந்து கடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது தங்களுடையதாகிவிடும் என்று பயந்தாள். அம்மனிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. சத்தியம் செய்தவனுக்குத் தெரியாது, தெரிந்தவள் சத்தியம் செய்யவில்லை. அப்படியிருக்க, நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எந்தக் கணக்கில் எடுப்பாய் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

முதலில் தெரிந்தது சிலிண்டர். வேர்க்கடலைக் கொல்லையின் நடுவில், யாரும் பக்கத்தில் இல்லாமல், சிவப்பாகத் தனியே நின்றது. அப்புறம் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள். அதற்கு முன்னால் வண்டி. கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. சீட் ரோட்டில் கிடந்தது. அதன் நடுவில் இரண்டு கை அகலத்துக்குக் கருகி, உள்ளே பஞ்சு உருகியிருந்தது. சரியாக நடுவில்.

சத்யப்ரியா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குணசுந்தரி அவளை உச்சியிலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். தலை, முகம், கை, முழங்கால், பாதம். கொலுசுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அழவில்லை. அழுதால் நிறுத்த முடியாது என்று பட்டது.

பன்னீர்செல்வம் ரோட்டோரக் கைகாட்டி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எரிகிற சீட்டை வெறுங்கையால் இழுத்துப் போட்டவன் அவன்தான். வலது கையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கையக் காட்டுங்க."

அவன் காட்டவில்லை. "காலீல அங்கதான நின்னுகினு இருந்த?"

"ஆமா."

"அவன் கேட்டான் இல்ல?"

"கேட்டான்."

"புள்ளைய அதும்மேல ஒக்கார வச்சி அனுப்ச்சியே. யாருக்குப் பயந்த? அந்த ஹேமநாத்துக்கா?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கடையில் ஹேமநாத்தின் எதிரிலேயே சொல்லிவிட்டு வந்த பிறகு, அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத்தான்" என்றாள்.

"நான் இன்னாடி பண்ணிடுவேன்? ஒரு நாளு கை ஓங்கிக்கிறனா?"

"இல்ல. தெருவே பாக்கக் கைய மூடுனீங்களே. அந்த மூஞ்சி. அது பொய்யின்னு நான் சொன்னா, அந்த மூஞ்சி இன்னா ஆவும்னுதான்."

வரப்பில் யாரோ புளிச்சோற்றைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் எல்லோருக்கும் கொடுத்தாள், குணசுந்தரியைத் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் ஓர் இலையை வைத்துவிட்டுப் போனாள்.

அன்பரசு வேலை செய்துகொண்டிருந்தான். பாட்டரி முனையைக் கழற்றினான். எரிந்த ஒயரை அடியிலிருந்து நுனிவரை இழுத்து எறிந்தான். கண்ணாடிக் குழாய் வெடித்திருந்தது. அதன்மேல் ஒரு கறுப்புக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் கொல்லைக்குள் வீசினான். தடிமனான ஒயர் ஓட்டி, சரியான பீஸ் போட்டு, ஆரனையும் பிரித்துவிட்டான். மொட்டை அடிக்காத பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, பீப்பீ அடிக்காதா?" என்று கேட்டான். "வாயாலயே அடிச்சிகினு போ" என்றான் அன்பரசு.

ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது. பத்து நிமிடம் ஓடவிட்டு ஒயரைத் தொட்டுக் காட்டினான். "ஏறுங்க. இனிமே ஒண்ணும் ஆவாது."

யாரும் எழவில்லை. ராகு காலமும் ஆரம்பித்துவிட்டிருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கோழி மட்டும் கொக்கரித்தது.

"அண்ணி மொதல்ல ஏறட்டும்" என்றாள் பூங்காவனம். "அவங்க ஏறுனா நாங்க ஏறுறோம்."

கருகிய சீட்டின்மேல் கோணியை மடித்துப் போட்டார்கள். சத்யப்ரியாவை அன்பரசு ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டான். குணசுந்தரி நடு இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பன்னீர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்னால் ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் ஏறினார்கள். சிலிண்டரை ஏற்ற யாரும் முன்வரவில்லை. அது கொல்லைக்காரர் பொறுப்பில் அங்கேயே நின்றது.

வண்டி நகர்ந்ததும் அவள் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதா?" என்றான்.

"இல்ல."

ஒரு வளைவு தாண்டியது. "இப்போ?"

"இல்ல."

மூன்றாவது முறை அவன் கேட்டபோதுதான் அவன் குரலைக் கவனித்தாள். தறிக்குழியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது தனக்குள் ஓடிய அதே குரல். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. ஒயர் வெதுவெதுப்பாக இருக்கிறதா, தன் கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க" என்றாள்.

அவன் உடனே பிரேக்கை மிதித்தான். ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் இருபத்திரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கீழே இறங்கி, ரோட்டோரமாகத் தள்ளிப் போய் நின்றார்கள்.

அன்பரசு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தான். "சில்லுனு கீது ணா. எடு, போலாம்."

பன்னீர்செல்வம் சாவியைக் கழற்றி அவள் மடியில் வைத்தான்.

"இருப்பா" என்றான். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."